துரியோதனன் கண்ணாடி போட மாட்டான்

தாமல் முனிசாமி இருபது வருஷமாகக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர். துரியோதனன் பீமனிடம் தோற்றான் என்று டீக்கடையில் யாராவது சொன்னால்கூடச் சண்டைக்குப் போவார். கண் மங்கிவிட்டது என்று சொன்னாலோ, கேட்கவே வேண்டாம்.

"கண்ணாடிய போட்டுக்கினு போயேன்யா" என்று மனைவி ரேணுகாம்பாள் கெஞ்சினாள்.

"எந்த ராஜா கண்ணாடி போட்டான்? எனக்கு எல்லாம் தெரியுது!"

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத் திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள். களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். நாற்பது அடி நீளம். கோழிக்குஞ்சுகூடச் சுற்றிக்கொண்டு போகும். அவனைச் சுற்றி ஓடும் முனிசாமியைப் பீமன் வேஷக்காரன் அருள் துரத்திப் பிடித்து, தொடையில் அடித்து வீழ்த்துவதுதான் முறை. பட்டப்பகலில், மூன்றாவது சுற்றிலேயே, அந்த மண் துரியோதனனின் கால் தடுக்கி முனிசாமி விழுந்தார். தொடையெலும்பு முறிந்தது.

"எப்படி விழுந்தீங்க? கண்ணு தெரியலையா?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"நான் தொடவே இல்ல சார், இவரே தடுக்கி..." என்று அருள் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருப்பா!" என்று அதட்டிய முனிசாமி, டாக்டர் பக்கம் திரும்பினார். "பீமன்தான் அடிச்சான். நான் தோத்துட்டேன். எழுதிக்குங்க சார்."