சந்தியில் நின்ற சுவாமி

2003 மாசி, சனிக்கிழமை. காலை ஏழரை மணிக்கு மூதூர் இறங்குதுறையில் திருகோணமலைக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினோம். நான், என் கணவர், ஒன்பது வயது மகள் யாழினி. ஆளுக்கு நாற்பது ரூபா, பிள்ளைக்கு அரை ரிக்கற். தரைவழியாகப் போனால் ஆறும் களப்பும் குறுக்கிடும். துறைக்குத் துறை பஸ்ஸை விட்டு இறங்கி மிதவையில் கடக்கவேண்டும். அரைநாள் அதிலேயே போய்விடும். கடல்வழியென்றால் ஒன்றரை மணித்தியாலம்.

சிவராத்திரிக்கு மறுநாள் கோணேசர் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருவார். போர்நிறுத்தம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஊரில் பலரும் போய்வரத் தொடங்கிவிட்டார்கள். என் கணவர் மட்டும் ஏழு வருடமாகத் திருகோணமலையில் கால் வைக்கவில்லை. அவர் நீர்ப்பம்பும் வள்ளத்து எஞ்சினும் திருத்துபவர். ஒருநாள் எஞ்சின் சாமான் வாங்கப் போனவரை அங்கே ஒரு சந்தியில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினோராம் நாள் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், வேலைக்குப் போனார். அந்தப் பதினொரு நாளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதன்பிறகு சாமான் தேவையென்றால் போகிறவர்களிடம் எழுதிக் கொடுத்துவிடுவார்.

இந்த முறை யாழினி பிடிவாதமாக நின்றாள். "அப்பா வந்தாத்தான் நானும் போவன்." அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "ஓம், போவம்" என்றார். நான் கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

லோஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் மூதூர் முஸ்லிம் பெண்ணொருத்தி, நான்கு தயிர்ச்சட்டியுடன். மகள் வீட்டுக்குப் போகிறாளாம். "கோயிலுக்கா? சனம் நெரியும். புள்ளைய கையில புடிச்சிக்கங்க" என்றாள். குடாவின் நடுவில் நீர் கறுநீலமாக இருந்தது. வலப்பக்கம் வாய்விரிந்த கடல். முன்னே மெல்லப் பெருத்துவரும் மலை. யாழினி மீன் துள்ளுவதை எண்ணிக்கொண்டு வந்தாள். அவர் எஞ்சின் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து, ஊர்ப்பக்கம் பார்த்தபடி இருந்தார்.

ஒன்பது மணிக்கு இறங்கினோம். சோதனைக்கு ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த ஆமிக்காரருக்கு இருபது வயது இருக்கும். "எங்க போறது?" என்று கேட்டார். இவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் வரிசையிலிருந்து யாழினி, "சாமி பாக்க!" என்று கத்தினாள். ஆமிக்காரர் சிரித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

என் அக்கா வீடு அன்புவழிபுரத்தில். ஓட்டோக்காரர் எண்பது ரூபா சொல்லி வண்டியை எடுத்தார். என் கணவர் அவர் தோளைத் தொட்டு, முன்னால் தெரிந்த சந்தியைக் காட்டி, "அந்தச் சந்தியால வேண்டாம். மற்றப் பக்கத்தால போங்கோ" என்றார்.

"அது சுத்து, அண்ணை."

"பரவாயில்லை."

இவரைப் பிடித்தது எந்தச் சந்தியிலென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு அக்காவும் சேர்ந்து நாங்கள் பிரதான வீதிக்கு வந்தோம். தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வாசலுக்கு வாசல் மேசை, வெள்ளைத் துணி, நிறைகுடம், குத்துவிளக்கு. வாழைமரம் கட்டாத மதிலே இல்லை. கச்சான் கடலைக்காரர், வளையல்காரர், பலூன்காரர். ஒரு முஸ்லிம் கடைக்காரர் பெரிய வாளியில் சர்பத் கரைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வார்த்துக்கொண்டிருந்தார். யாழினி மூன்று தரம் குடித்தாள். எங்கள் ஊரில் இப்படி ஒரு தெருவை அவள் கண்டதில்லை.

ஆறரை மணிக்கு, இருட்டுப்பட, நாதஸ்வரம் கேட்டது. சுவாமி வந்தார். பின்னால் ஒரு தள்ளுவண்டியில் மின்சாரம் கொடுக்கும் எஞ்சின். அதிலிருந்துதான் பீடத்தைச் சுற்றிய அத்தனை விளக்கும். எங்களைக் கடந்து நூறு யார் தூரம் போயிருக்கும். ஓட்டோவில் இவர் வேண்டாமென்ற அதே சந்தியில் சுவாமி திரும்பும்போது எஞ்சின் இருமிற்று. விளக்கு எல்லாம் அணைந்தது.

இருட்டில் அவ்வளவு சனமும் மூச்சுவிடாமல் நின்றது. சத்தம் நின்றால் அடுத்து என்ன வருமென்று பழகிய சனம். வண்டிக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு யாரோ குரல் கொடுத்தார்: "எஞ்சின் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் நிக்கிறியளோ?"

"எங்கட அப்பாவுக்குத் தெரியும்!" என்றாள் யாழினி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன். "ஏலாட்டி விடுங்கோ. வேற ஆரும் வருவினம்."

அவர் சந்தியைப் பார்த்தபடி நின்றார். சந்தியிலிருந்த ஆமிக் காவலரணிலிருந்து ஒரு வெளிச்சம் எங்கள் பக்கம் நீண்டது. என் கை அவர் கைக்குள் நனைந்துபோயிருந்தது. யாருடைய வியர்வையென்று தெரியவில்லை. பிறகு கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

வண்டிக்காரரிடம் ஸ்பானர் இருந்தது, வெளிச்சம் இல்லை. காவலரணிலிருந்து ஆமிக்காரர் ஒருவர் ரோச் லைற்றோடு இறங்கி வந்து, என் கணவரின் தோளுக்கு மேலால் எஞ்சினுக்குப் பிடித்தார். இவருடைய கைகளை நான் ஒவ்வொரு நாளும் வேலையில் பார்க்கிறவள். அன்று ஸ்பானர் இரண்டு தரம் நழுவி விழுந்தது. இரண்டாம் தரம் ஆமிக்காரர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கூட்டத்தில் ஒரு பெண் தேவாரம் எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"மண் அடைச்சிருக்கு. பெற்றோல் வரேல்லை" என்றார் இவர். குழாயைக் கழற்றி வாயால் ஊதினார், துப்பினார், திரும்பப் பூட்டினார். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் பிடித்தது. விளக்கு எரிந்ததும் சனம் "அரோகரா" என்று எழுப்பிய சத்தத்தில் யாழினி காதைப் பொத்திக்கொண்டாள். ஆமிக்காரர், "ஹரி, ஐயா" என்று, சரியென்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் எங்களிடம் வரவில்லை. எஞ்சினில் ஒரு கையை வைத்தபடி வண்டியோடு நடந்தார். வாழைமரம் கட்டிய ஒரு மதிலருகே எனக்காக ஒருகணம் நின்றார்.

"இந்த மதிலோடதான் என்னை நிப்பாட்டி வைச்சவங்கள்" என்றார்.

மதிலின் முன்னால் ஒரு வீட்டுக்காரி மேசை போட்டு விளக்கேற்றியிருந்தாள். அவர் அந்த விளக்கைக் கும்பிட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். அடுத்த தெருமுனையில் திரும்பி மறையும்வரை எஞ்சின் நிற்கவில்லை.

திங்கள் காலை ஏழு மணி லோஞ்சில் திரும்பினோம். யாழினி வளையல் போட்ட கையோடு என் மடியில் தூங்கிப்போனாள். பட்டினம் சிறுத்து, மலை மட்டும் தெரிந்தது. இரண்டு நாளில் நான் கண்டது ஒரு தெருதான். எந்த மதிலோடு யாரை நிப்பாட்டினார்களென்பதெல்லாம் அந்தத் தெருவுக்கு நினைவிருக்கும். வாழைமரம் கட்டினதற்காக மறந்துவிடாது. ஆனாலும் கட்டுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் ஏழு வருடம் ஒரு கதவைச் சாத்தியே வைத்திருந்தோம்.

நடுக்கடலில் அவர் என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். "முதல் நாள் தண்ணி தரேல்லை" என்றார்.

எஞ்சின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. என் காதை அவர் வாயோடு வைத்துக்கொண்டேன். சொல்லிக்கொண்டே வந்தார். இடையில் நிறுத்துவார், கடலைப் பார்ப்பார், பிறகு தொடங்குவார். மூதூர்த் துறையில் லோஞ்சைக் கட்டியபோது அந்தப் பதினொரு நாளில் நான்காம் நாளுக்குத்தான் வந்திருந்தோம். ஆட்கள் எழுந்து பைகளை எடுத்தார்கள். நான் எழும்பவில்லை.

"சொல்லுங்கோ," என்றேன். "எல்லாரும் இறங்கட்டும்."