இரண்டு வேலை, இரண்டு பூப்பொட்டலம்

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்த யுவனேஸ்வரிக்கு ஒரே வாரத்தில் கோலாலம்பூரிலிருந்து இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று வந்திருந்தால் வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். இரண்டு வந்ததால் கட்சி பிரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைப் பிடித்து இன்னொன்றை விட்டாக வேண்டும்.

ஒன்று முதலீட்டு வங்கி. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனிக்கு விற்றுக் கொடுப்பது, பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவருவது, நடுவில் கமிஷன் எடுப்பது. பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் காய்கறித் தரகு பார்க்கும் அப்பா ஜெகதீஸ்வரனுக்கு இது உடனே பிடித்துப்போனது.

"நம்ம தொழில்தான் லா! நான் முட்டைக்கோசு, நீ கம்பெனி. லோரி மட்டும் கெடையாது."

இன்னொன்று நிதி நிர்வாகம். ஊராரின் சேமிப்பை நல்ல பங்காகப் பார்த்துப் போட்டு, வருஷக்கணக்கில் வளர்ப்பது. இருபது வருஷமாக ஒரே மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் அம்மா சீதாவின் ஓட்டு இதற்குத்தான்.

"செடிய வெட்டி விட்டா, பொறுத்துதான் கொழுந்து பாக்கணும். ஒங்கப்பாவுக்குப் பொழுது சாயறதுக்குள்ள காசு வந்துரணும்."

"போனஸ் எதுல அதிகம்? அதச் சொல்லு."

"தூக்கம் எதுல அதிகம்? நீங்க அதச் சொல்லுங்க."

யுவனேஸ்வரி இரண்டையும் ருசி பார்த்தவள். படிக்கும்போதே இரண்டு இடத்திலும் மூன்று மூன்று மாதம் பயிற்சி. வங்கியில் ஒரு பேரத்துக்காக எண்பது பக்கம் தயாரித்தாள். மேலதிகாரி நீல நிறத்தை வேறு நீலமாக்கச் சொன்னார். ஆக்கினாள். பழைய நீலமே தேவலை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் போயிற்று. ஆனால் பேரம் படிந்த அன்று அந்த மாடியே ஆடியது, அவளும் ஆடினாள்.

நிதி நிர்வாகத்தில் யாரும் ஆடவில்லை. ஆறு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நாள் முழுக்க ஆண்டறிக்கை வாசித்தவளிடம், கடைசி வாரம் ஒரு கையுறைக் கம்பெனியைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். "வேண்டாம்" என்றாள். ஏன் என்று அரை மணி நேரம் குடைந்தார்கள். பிறகு, அந்தப் பங்கை வாங்கவில்லை! சம்பளத்தைவிட அதுதான் இனித்தது. வங்கியில் மூன்று மாதத்தில் எந்தக் கம்பெனியையும் யாரும் வேண்டாமென்று சொல்லி அவள் கேட்டதில்லை. சொன்னால் கமிஷன் ஏது?

இதை வீட்டில் சொன்னால் அப்பா முகம் வாடும். மனுஷர் வாழ்நாளில் ஒரு அழுகல் தக்காளியைக்கூடக் குறை சொன்னதில்லை.

ஆகவே வழக்கு அம்மனிடம் போயிற்று. தோட்டத்துக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சன்னதியில் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்தால் அதுவே அம்மன் வாக்கு. வெள்ளை நிதி நிர்வாகம், சிவப்பு வங்கி. எத்தனையோ கல்யாணங்களைத் தீர்த்துவைத்த அம்மன் பங்குச் சந்தைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

பூசாரி நாகரத்தினம் பொட்டலம் கட்டும் வேலையை யுவனேஸ்வரியிடமே கொடுத்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். மகளைக் கண்காணிக்க ஆளில்லை.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளைச் செவ்வந்தி. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தரகர் அத்தோடு விடுவாரா? அடுத்ததையும் பிரித்தார். அதிலும் வெள்ளை.

"சீதா! அம்மன் முன்னாடியே களவாணித்தனமா?"

"நானா? என் ரெண்டு கையும் கும்புட்டுக்கிட்டுல்ல இருந்துச்சு!"

"நான்தான்ப்பா," என்றாள் யுவனேஸ்வரி. "நிதி நிர்வாகத்துக்கு வரேன்னு திங்கக்கெழமையே எழுதிட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா அம்மன இழுத்த?" என்றார் பூசாரி.

"அம்மன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன் சாமி. ஒங்க மூணு பேருக்குத்தான் சொல்லல."

பூசாரிக்குச் சிரிப்பில் கற்பூரத் தட்டு ஆடியது. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த பேங்க்காரனுங்க?"

"பங்கு விக்க எங்ககிட்டத்தான்ப்பா வருவாங்க. புடிச்சா வாங்குவோம். புடிக்கலன்னா, வேண்டாம்."

"ஒங்கிட்டயா? கோட்டு போட்டுக்கிட்டா?"

"டையும் கட்டிக்கிட்டு."

அப்பா கைபேசியை எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனார். கோலா தெர்லாவில் இருந்த லோரிக்காரர் ஒருவர் மாட்டினார்.

"பெரிய பெரிய பேங்க்காரனெல்லாம் எம்மக வாசல்ல வந்து நிக்கப்போறானுங்க லா! ஆமா, வேற யாரு? நான்தான் இந்த வேலைய எடுக்கச் சொன்னேன்."