முகத்தில் ஏறிய மஞ்சள்

என் அக்காவின் கணவருக்கு, அதாவது அத்தானுக்கு, ஒரு நிறம் மயிரிழை பிசகினால்கூட அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. டிஜிட்டல் கேமராக்களுக்குக் கலர் புரொஃபைல் செய்து கொடுப்பது அவர் தொழில். ஒவ்வொரு கேமராவும் நிறத்தைத் தன் இஷ்டத்துக்குத்தான் பார்க்கும். இருபத்து நான்கு நிறக் கட்டங்கள் உள்ள ஓர் அட்டையைப் படம் பிடித்து, எந்த நிறம் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அளந்து, அதைச் சரிக்கட்டும் சிறு கோப்பு ஒன்றை உருவாக்குவார். ஸ்டூடியோக்காரர்கள் அதைக் கணினியில் போட்டுக்கொள்வார்கள்.

அட்டை மட்டும் போதாது, மனுஷத் தோலும் வேண்டும் என்பார். அதற்கு அக்காதான். கறுப்புத் திரை போட்ட அறையில், போலீஸில் பிடிபட்ட ஆள் மாதிரி அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஏழு வருஷமாக அதே நாற்காலி, அதே முகம். அந்த முகத்தின் நிறம் அவருக்கு எண்களாகவே மனப்பாடம். மனிதர் பெண்டாட்டியை ஒருநாளாவது ஏறிட்டுப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சமீபமாக எந்தக் கேமரா வந்தாலும் அட்டையின் கட்டங்கள் சரியாக இருந்தன. அக்கா முகம் மட்டும் மஞ்சளடித்தது. "இப்ப வர்ற கேமரா எல்லாமே இப்படித்தான்" என்று திட்டிக்கொண்டே தோல் நிறத்தில் மஞ்சளைக் குறைத்து அனுப்பினார். முகங்கள் நீலம் பாய்கின்றன என்று ஒரு ஸ்டூடியோக்காரர் போன் செய்தபோது கடித்துக் குதறிவிட்டார். இரண்டாவது ஆளும் அதையே சொன்ன அன்று நான் போய் மாட்டிக்கொண்டேன்.

"அக்காவுக்கு அசதியா இருக்காம். நீ உக்காரு மாப்ளே."

உட்கார்ந்தேன். கணினித் திரையில் என் முகம் பிணம் மாதிரி வெளிறி, நீலம் பாய்ந்து கிடந்தது. தோல் நிறத்துக்கு அவர் கையால் செய்த திருத்தத்தை மட்டும் நீக்கினார். நான் நானாக வந்தேன்.

"அப்ப கேமரா சரியாத்தானே இருக்கு அத்தான்?"

அவர் சட்டென்று அக்காவின் பழைய படங்களை எடுத்து, திருத்தம் இல்லாமல் வரிசையாகத் திறந்தார். மூன்று மாதப் படங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏறியிருந்தது. கடைசிப் படத்தில் கண் வெள்ளையும் மஞ்சள். அவர் எழுந்து ஓடி, சமையலறையிலிருந்த அக்காவைக் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தார்.

"என்னங்க, ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?" என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களை மட்டும் டாக்டர் கூப்பிட்டார். பித்தக் குழாயில் கட்டி, கல்லீரல் வரை பரவிவிட்டது என்றார். முன்பே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாமாம்.

"இவ்வளவு மஞ்சளா இருக்காங்களே, வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

"கவனிச்சேன் டாக்டர்" என்றார் அத்தான். "மூணு மாசமா கவனிச்சு கவனிச்சு, நான்தான் அழிச்சேன்."