தேர் முடிந்தபின் ஒரு மீன் பயணம்

எங்கள் வட்டத்தில் ஜெர்மன் மொழியைக் கொஞ்சம் திருத்தமாகக் கதைப்பவள் நான்தான். அதனால் யாருக்கு டாக்டரிடம் டெர்மீன், அதுதான் சந்திக்க நேரம், எடுப்பதென்றாலும், யாருடைய வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் ஆம்பிளைகள், ஜெர்மன்காரர் கிழக்குக் கடல் என்று சொல்லும் பால்டிக் கடலுக்கு மீன் பிடிக்கப் போவதாக வெளிக்கிட்டபோது நான் மாட்டுப்பட்டதும் இப்படித்தான்.

தொடங்கி வைத்தவர் மன்னார்க்காரர் ஒருவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். ஊரில் கடல்தொழில் செய்தவர், இங்கே சொசேஜ் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்த ஜெர்மன்காரன் ஒருவன், வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்தில் படகை ஓரிரவுக்கு முழுதாக வாடகைக்கு எடுக்கலாம், மாலையில் போய் நங்கூரம் போட்டால் பெரிய பெரிய தட்டை மீன் கிடைக்கும் என்று சொல்லிவிட்டான். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும் மீன். இவர்கள் 'புட்' என்பார்கள். “எங்கட நாக்கு மீன்ரை பெரியப்பா அக்கா” என்று தம்பி கையை விரித்துக் காட்டினார். அன்றிலிருந்து அந்த மனுசனுக்கு நித்திரையில்லை.

திட்டம் போட்டது எங்கள் குசினியில். தம்பி, என் கணவர், இன்னும் இரண்டு சினேகிதர். கப்பல் கட்டப் போகிறவர்கள் மாதிரிக் கதை. புழு எங்கே வாங்குவது, ஈயம் எவ்வளவு பாரம், படகில் அடுப்பு இருக்குமா, பிடித்த கையோடு பொரிக்க மிளகாய்த்தூள் யார் கொண்டுவருவது, கட்டுச்சோறா பாணா. வாழ்க்கையில் சளி, தடிமனைத் தவிர வேறொன்றையும் பிடித்தறியாத என் கணவர் தூண்டில் முடிச்சைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார். நான் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் களைத்துப் போனேன்.

தம்பியின் மனைவி என்னோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில்தான் வந்து சேர்ந்திருந்தாள். அதிகம் கதைக்கமாட்டாள். வள்ளம் என்ற சொல் மேசையில் விழும் ஒவ்வொரு முறையும் அவளுடைய கத்தி நின்று, பிறகு மெல்ல வெட்டத் தொடங்கியது.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. தம்பி முன்னமே தனியாக ஜெர்மனிக்கு வந்துவிட்டார். சண்டை மூண்டபோது அவள் மகளைத் தூக்கிக்கொண்டு மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு இரவு வள்ளத்தில் ஏறினாள். நடுக்கடலில் வள்ளம் கவிழ்ந்தது. அவளை இன்னொரு வள்ளத்துக்காரர் தூக்கி எடுத்தார்கள். பிள்ளை கிடைக்கவில்லை. தம்பி அந்தப் பிள்ளையைக் கைக்குழந்தையாகக் கண்டதோடு சரி.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சிகரெட் குடிக்க பல்கனிக்குப் போன தம்பியின் பின்னாலேயே போனேன்.

“உமக்கு நெஞ்சு என்ன கல்லோ? அவளை வைச்சுக்கொண்டு வள்ளம் வள்ளம் எண்டு சத்தம் போடுறீர்.”

அவர் கோபப்படவில்லை. “வேண்டாம் எண்டு அவ ஒரு சொல்லுச் சொன்னா நான் நிண்டிடுவன் அக்கா. எத்தினை தரம் கேட்டிட்டன். ஓம் எண்டும் சொல்லுறாவில்லை, வேண்டாம் எண்டும் சொல்லுறாவில்லை.” கீழே கார்கள் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எவ்வளவு காலத்துக்குத்தான் கடலோட கோவிச்சுக்கொண்டிருக்கிறது? எல்லாக் கடலும் ஒண்டோட ஒண்டு தொடுத்ததுதானே. என்ரை பிள்ளை அதுக்குள்ளதான் இருக்கு.”

உள்ளே வந்து மிச்ச வெங்காயத்தை நானே வெட்டினேன்.

அவர்கள் ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள். படகுக்காரருக்கு நான்தான் டெலிபோன் எடுத்து உறுதி சொன்னேன். போனை வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைப் பார்த்தால், அந்தச் சனிக்கு அடுத்தநாள் ஊன்ட்றொப் கோயிலில் அம்மனுக்குத் தேர்! கொடியேறும் நாளிலிருந்து எங்கள் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. என் கணவருக்குக் காவடி நேர்த்திக்கடன் வேறு. தம்பி வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்குத் தெரியாததை மன்னிக்கலாம். மற்ற மூன்று பக்தர்களும் விடிய மீன் மணத்தோடு வந்து தேர்வடம் பிடிக்கவல்லவா நாள் குறித்திருக்கிறார்கள்! நானும் அதில் சேர்த்தி என்பது பிறகுதான் உறைத்தது. ஆனாலும் முதலில் அவர்களுக்குத்தான் திட்டு விழுந்தது.

மறுபடி டெலிபோன். எங்கள் அம்மன் அன்றைக்கு வெளியே வருகிறா, அதுவரை நாங்கள் மீனைத் தொடமாட்டோம் என்று படகுக்காரருக்கு விளங்கப்படுத்தினேன். அவர், “அப்படியென்றால் மீன்களுக்கும் விடுமுறைதான்” என்று சொல்லி, தேர் முடிந்து வேறொரு சனிக்கிழமைக்கு மாற்றித் தந்தார்.

தேருக்குத் தம்பி குடும்பமும் வந்தது. வேதக்காரரும் வருவார்கள். ஊர்ச்சனத்தைக் காண வேறு இடம் ஏது. வெயிலுக்கு ஒதுங்கி நானும் அவளும் கால்வாய்க் கரையில் நின்றோம். சரக்கு ஏற்றிய நீளமான படகு ஒன்று போனது. அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள்:

“அக்கா, இவை போற வள்ளத்தில தாழாமல் கட்டுற சட்டை இருக்குமோ?”

“இருக்கும், இருக்கும். சட்டம் இல்லாமல் இந்த நாட்டில ஆரும் தும்மவும் மாட்டினம்.”

“நீங்கள் கண்டனீங்களோ?”

நான் காணவில்லை. மிளகாய்த்தூளுக்கு ஆள் பார்த்தோம், புழுவுக்குக் கடை பார்த்தோம். இதை எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

“நாங்கள் வந்த வள்ளத்தில ஒண்டும் இருக்கேல்லை” என்றாள். அதைப் பற்றி அவள் என்னிடம் வாய் திறந்தது அன்றுதான். “எனக்கு ஒருக்கா அந்த வள்ளத்தைப் பாக்கவேணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் காரில் மூவரும் வடக்கே போனோம். நெடுந்தூரம். அவள் வழியில் ஒன்றும் சாப்பிடவில்லை. படகுக்காரர் வயதான மனுசன், கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்காமல், தட்டிக்கழிக்காமல், எங்களைத் தளத்துக்குக் கூட்டிப்போய் உட்காரும் வாங்கின் பலகையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் சட்டைகள் அடுக்கியிருந்தன. அவள் முழந்தாளிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பட்டிகளை இழுத்துப் பார்த்தாள். தொங்கிய விசிலை ஊதிப் பார்த்தாள். தம்பி கொஞ்சம் தள்ளி நின்று, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் நிமிர்ந்தாள்.

“சின்ன அளவு இருக்கோ எண்டு கேளுங்கோ அக்கா.”

நான் கேட்டேன். இருக்கிறது, பிள்ளைக்கு எத்தனை வயது என்று அவர் திருப்பிக் கேட்டார். அதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் மொழிபெயர்க்கப் பழகிய வாய், சொல்லிவிட்டது.

“நாலு” என்றாள்.

நானும் நாலு என்றே சொன்னேன். அவர் உள்ளே போய்க் கையளவு சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். கால்களுக்கு நடுவால் கட்ட ஒரு பட்டியும் அதற்கு இருந்தது. அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “அன்றைக்கு இதைப் படகறைக் கதவடியில் எடுத்து வைக்கிறேன். பிள்ளையைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், கடல் அமைதியாக இருக்கும்” என்றார் அவர். முதல் பாதியை மட்டும் தமிழில் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு ஏலவில்லை.

அவள் சட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கணவனைப் பார்த்து, “அப்ப நானும் வாறன்” என்றாள்.

அவள் போகும்போது நான் வீட்டில் இருப்பதா? எனக்குப் பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். இருந்தும் போனேன். பெரிய மீன்கள் பிடிபட்டது உண்மைதான். என் கணவர் இன்றைக்கும் கையை விரித்துக் காட்டுவார், வருஷத்துக்கு வருஷம் மீன் வளர்ந்துகொண்டே போகிறது. ஆனால் எனக்கு அந்தப் பயணம் என்றால் புறப்பட்ட நேரம்தான்.

சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. படகுக்காரர் ஒவ்வொருவராகக் கை பிடித்து ஏற்றிவிட்டார். கடைசியாக ஏறியவள் நான். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “சின்னவர் எங்கே?” என்று கேட்டார். சொன்னபடியே சின்னச் சட்டை கதவடிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வரவில்லை” என்றேன். அவ்வளவு ஜெர்மன்தான் அந்த நேரம் எனக்கு வந்தது.

அவர் சட்டையைக் கழற்றி வைக்கக் கை நீட்டினார்.

“இருக்கட்டும்” என்றார் தம்பி. தமிழில்தான் சொன்னார். படகுக்காரர் தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, கையை எடுத்துக்கொண்டு எஞ்சினைத் தொடக்கப் போனார். துறைமுகம் தாண்டியதும் படகு குலுங்கியது, கொக்கியில் சட்டை அங்குமிங்கும் அடிபட்டது. அவள் வாங்கைப் பிடித்துப் பிடித்து எழுந்து போய், அதன் பட்டியைக் கொக்கியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, திரும்பி வந்து கணவனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.