முன்னூற்றுப் பன்னிரண்டில் பொங்கிய பால்

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது நடந்தது. போன டிசம்பரில் ஒரு புதன்கிழமை, சாயங்காலம் 4.18க்கும் 4.41க்கும் நடுவில். நடந்தது வான்மதிக்கு. அவள் டெக்ஸாஸில், ஆலனில் இருக்கிறாள். பொய் சொல்ல வராது. அடுத்தவர் சொல்லும் பொய்யும் அவளுக்குப் பிடிபடாது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஆபீஸ் வேலையாக மூன்று நாள் நியூ ஜெர்சி போயிருந்தாள். அங்கே ஷ்யாமளா இருக்கிறாள். கோவை ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே ரூம், ஒரே தட்டு. ஷ்யாமளா புதிதாக வீடு பார்த்திருப்பதாகச் சொல்லி, பால் காய்ச்சும் நாளுக்கு வரச்சொல்லி வற்புறுத்தியிருந்தாள். ஊர்ப் பெயர் வேண்டாம். பெரிய ஊர். நியூயார்க்குக்கு ரயிலில் ஐம்பது நிமிஷம். காலையில் பாதி ஜனம் ரயிலேறிப் போய்விடும், இருட்டிய பிறகுதான் திரும்பும். ஒரு காலத்தில் நூல் மில்களால் பிழைத்த ஊராம். அந்த மில்கள்தான் இப்போது அபார்ட்மென்ட்.

4.05க்கு போன் வந்தது.

"வானு, ட்ரெயின் பாதி வழியில நின்னுடுச்சுடீ. நாலரையிலேர்ந்து அஞ்சரைதான் நல்ல நேரம். நீயே பாலைக் காய்ச்சிடேன்."

"உன் வீட்டுக்கு நான் எப்படிடீ காய்ச்சறது?"

"உன்னை விட்டா எனக்கு யாருடீ இருக்கா? பாத்திரம் ஸ்டவ் பக்கத்துலயே இருக்கு. பால் ஃப்ரிட்ஜ்ல. டோர் கோட் அனுப்பறேன்."

'உன்னை விட்டா யாரு' என்ற அந்த ஒரு வார்த்தை போதும் வான்மதிக்கு. உருகிப் போனாள், பைத்தியக்காரி.

4.18. செங்கல் கட்டடம். கீழே மேஜையில் இருந்த செக்யூரிட்டி எந்த வீடு என்று கேட்டான். முன்னூற்றுப் பன்னிரண்டு என்றாள். அவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். காலி வீடு. நடுவில் பழைய இரும்புத் தூண்கள். மெஷின் எண்ணெய் வாசனை. புதுப் பெயின்ட் அடித்தும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

ஸ்டவ் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. பால் பொங்கி வழிந்து காய்ந்த கறை. புது வீட்டில் இதற்கு முன்னால் யார் பால் காய்ச்சியது?

கறுப்புக் கோட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் மறுபடி பஞ்சு. ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது.

4.27. பாத்திரம் புத்தம் புதுசு, பளபளவென்று இருந்தது. திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலை ஊற்றி ஸ்டவ்வில் வைத்தாள். மின்சார அடுப்பு. குமிழைத் திருகினாள்.

4.30.

சங்கு ஊதியது.

சிங்காநல்லூரில் மில் சுவருக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் அவள். ஷிஃப்ட் சங்கு எப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

தரை அதிர்ந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம். ஒருவர் இருவர் இல்லை... நூறு பேர் இருக்கும். ஒரு பேச்சுக் குரல் இல்லை. வெறும் கால்கள்.

தட... தட... தட...

கதவுக்கு வெளியே வந்து நின்றன.

4.33. பால் நுரைத்து ஏறியது. அப்போதுதான் கவனித்தாள். அவள் திருகியது பக்கத்து அடுப்பு. சிவந்திருந்தது அதுதான். பால் இருந்த அடுப்பைத் தொட்டாள்.

ஜில்லென்று இருந்தது.

பால் பொங்கி வழிந்தது. நுரையில் ஒரு வெள்ளை நூல். இரண்டு விரலால் எடுத்தாள். வந்தது... வந்துகொண்டே இருந்தது... முடிவே இல்லை.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள்.

4.36. போன்.

"பொங்கிடுச்சா?"

"ஷ்யாமு, இங்க யாரோ..."

"பொங்கிடுச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

போனுக்குள் குக்கர் விசில். ஒன்று... இரண்டு...

ரயிலில் ஏது குக்கர்?

"நீ எங்கடீ இருக்கே?"

மூன்றாவது விசில்.

"பொங்கிடுச்சு."

வான்மதி சொல்லவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் குரலிலேயே.

"அப்பாடா," என்றாள் ஷ்யாமளா. போனை வைத்துவிட்டாள்.

எப்படிக் கதவைத் திறந்தாள், எப்படிப் படி இறங்கினாள் என்று இன்று வரை அவளுக்குத் தெரியாது. வெளியே ஒருவரும் இல்லை. 4.41க்குக் கீழே வந்து நின்றாள். செக்யூரிட்டி ஆங்கிலத்தில் கேட்டான்: "ஜூனில் குடிவந்த அந்த இந்தியப் பெண் நாலே நாளில் ஓடிப் போனாள். இப்போது நீங்களா?"

ஜூனில் குடிவந்தவளா! கார் ஏறிய பிறகுதான் பார்த்தாள், பாத்திரம் கையோடு வந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுப் பால் இல்லை. காய்ந்து கிடந்தது.

அன்றிலிருந்து ஷ்யாமளா போனை எடுக்கவில்லை. பதினோராம் நாள் ஒரே ஒரு மெசேஜ் வந்தது. "சாரிடீ. திரும்பக் குடிவந்துட்டேன். இப்ப வீட்ல சத்தமே இல்ல. நல்லா தூங்கறேன்."

சத்தம் இப்போது ஆலனில் கேட்கிறது. தினமும் மத்தியானம் 3.30க்கு. நியூ ஜெர்சியில் அப்போது நாலரை. வீட்டில் வேறு யாருக்கும் கேட்பதில்லை. துவைத்து எடுத்த துணியில் பஞ்சு ஒட்டியிருப்பதை மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள்.

பாத்திரத்தைத் தூக்கிப் போட மனசில்லாமல் ஒருநாள் தேய்க்க எடுத்தாள். விளிம்புக்குக் கீழே, நம் பாத்திரக் கடைகளில் வெட்டித் தருவார்களே, அப்படிப் புள்ளி புள்ளியாக எழுத்து. நாம் பாத்திரம் பரிசு கொடுத்தால் கொடுப்பவர் பெயரைத்தான் வெட்டுவோம். இதில் கொடுத்தவள் பெயர் இல்லை.

"ச. வான்மதி. 12-9."

செப்டம்பர் பன்னிரண்டு வான்மதியின் பிறந்தநாள். அன்றைக்கு ஷ்யாமளா லீவில் கோவையில் இருந்தாள். அங்கிருந்து கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். வைக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"உனக்குன்னு பார்த்துப் பார்த்து ஒண்ணு வாங்கியிருக்கேன்டீ. நியூ ஜெர்சி வந்தாத்தான் தருவேன்."