அரிசி விரல்

விரல் ரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக எந்தக் குடும்ப அட்டைக்கும் ரேஷன் பொருள் மறுக்கப்படக் கூடாது. ரேகை பதியாவிட்டால் கருவிழி. அதுவும் முடியாவிட்டால் கைப்பேசிக்கு வரும் கடவு எண். அதற்கும் வழியில்லாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைக் கொடுத்துவிட வேண்டும். இதுதான் விதி. படித்தால் கண்ணில் நீர் வரவழைக்கும் விதி. நீதிமன்றத்தில் நகல் எழுத்தராகச் சேர்ந்து, சிரஸ்தாராக, அதாவது அலுவலகத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட நல்ல விதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை பெரும்பாலும் அலமாரியிலேயே ஆரோக்கியமாக இருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு என்னை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாத என் மனைவி, சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராகப் போய் உட்காரச் சொன்னாள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் ஒரு சட்ட மாணவி அங்கே பயிற்சிக்கு வந்தாள். பெரிய முதலியார்சாவடியில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் வருவாள். பயிற்சி மாணவர்களை நான் அறிவேன். வந்த புதிதில் அரசியலமைப்புச் சட்டம் பேசுவார்கள். போகப்போக, சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்பார்கள். இவளையும் அந்த வரிசையில்தான் வைத்திருந்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள், மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பதைக் கடந்தவர். கணவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காராமல், சேலைத் தலைப்பில் கையை மூடிக்கொண்டு நின்றார்.

"ரேஷன்ல அரிசி தர மாட்டேன்றாங்க ஐயா. கட்டவெரலு பதியலயாம்."

"கண்ணை வச்சுப் பாக்கச் சொல்லலாமே அக்கா?" என்றாள் மாணவி.

"அந்த மெஷினு ரிப்பேருன்றாரு கடக்காரரு."

"போனுக்கு நம்பர் வருமே?"

"அது எங்க மாமியா போனுக்குப் போவுது. மாமியாளும் இல்ல, போனும் இல்ல. மாசி மாசம் போய்ட்டாங்க."

"நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுத் தரணுமே!"

"கேட்டேன் பாப்பா. 'ஆடிட்டுக்கு வந்தா நீயா பதில் சொல்லுவ?'ன்றாரு. நல்ல மனுசன்தான். பயந்தாங்கொள்ளி."

கையைக் காட்டினார். உப்புத் தண்ணீரில் ஊறி, படிகம் கிழித்து, விரல் நுனிகள் வெளுத்து உரிந்திருந்தன. ரேகை என்று சொல்லிக்கொள்ள ஒரு கோடும் இல்லை. அப்படியானால் இதுவரை எப்படி அரிசி வாங்கினீர்கள் என்று மாணவி கேட்டாள்.

"மாமியா இருந்தாங்களே! அவங்கதான் எங்க வூட்டு அரிசி வெரலு."

அப்போதுதான் அந்த ஏற்பாட்டை நான் முதல்முறையாகக் கேட்டேன். எங்கள் பக்கத்து உப்பளக் குடும்பங்கள் ஒருவரை மட்டும் உப்புப் பாத்தியில் இறக்குவதில்லை. வயதானவரோ, கடைக்குட்டியோ, அவர் விரல் கெடாமல் இருக்க வேண்டும். மாதம் பிறந்தால் அவரைத்தான் கடைக்கு அழைத்துப் போவார்கள். உப்பு வாரும் வீட்டில் சோறு பொங்க, உப்பு வாராத ஒரு விரல் தேவைப்பட்டது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த விதியை யாரும் மீறவில்லை.

"இப்ப நானு ஒண்டி" என்றார் அவர். "வெரலக் காப்பாத்துனா வேல போவும். வேலைக்குப் போனா அரிசி போவும். எதுன்னு நீயே சொல்லு பாப்பா."

எனக்கும் மாணவிக்கும் அன்று வாக்குவாதம். இந்த அம்மாள் ஒருவருக்கு மட்டும் கேட்டு மனுப் போட்டால் கீழ்மட்டத்திலேயே முடியும் என்றேன் நான். உப்பு வாரும் மாதங்களில் விரல் பதியாத எல்லாருக்கும் கையெழுத்தின் பேரில் தர வேண்டும் என்று கேட்க வேண்டும் என்றாள் அவள். "எல்லாருக்கும்னு எழுதினா கோப்பு நாலு மேசை ஏறி இறங்கும்மா" என்றேன். "ஏறட்டும் சார். அதுக்குத்தானே மேசை போட்டிருக்காங்க?" என்றாள்.

எல்லாருக்கும் என்றால் எல்லாருடைய வாக்குமூலமும் வேண்டும். உப்பள வேலை விடிவதற்கு முன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். மையம் திறக்கும் நேரத்தில் அந்தப் பெண்கள் வீட்டில் அசந்து தூங்குவார்கள். ஆகவே இவள் விடியலில் உப்பளத்துக்கே போனாள். வேலையை நிறுத்திவிட்டுப் பேச அவர்களுக்கு நேரமில்லை. "பேசணும்னா பலகையப் புடி, கூடவே இழு" என்றிருக்கிறார்கள். இவளும் உப்பு வாரும் பலகையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கேள்வி கேட்டிருக்கிறாள். "வக்கீல் பாப்பா இழுத்தா உப்பு எல்லாம் பக்கத்துப் பாத்திக்குப் போவுதே!" என்று கேலி வேறு. ஒரு வாரம் இப்படிப் போனது.

அந்த வாரக் கடைசியில், மையத்தின் வாசலில் இருந்த வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. கொப்புளம் உடைந்து உப்பு ஏறிய விரல். உள்ளே இருந்த எழுத்தர் தலையைக்கூட உயர்த்தாமல், "பரவால்லம்மா, இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வா" என்றார். அவளும் போட்டாள். போட்ட பிறகு பேனாவை மூடாமல் அங்கேயே நின்றாள்.

அந்தப் பெண்மணியை முதல் மனுதாரராக வைத்து அன்று எழுதிய மனுவில், கடைசியில் மாணவி தன் கையெழுத்தோடு சேர்த்த பத்தி இப்படி இருந்தது: "என் விரலை இயந்திரம் மறுத்தபோது, நான் கேட்காமலேயே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இவர்களுக்கும் அதையே கோருகிறேன்." மனுவில் சொந்தக் கதை வரக் கூடாது என்றேன். "கதை இல்ல சார், சாட்சி" என்றாள். என் அனுபவத்தில் அந்தப் பத்தி மனுவைக் கெடுக்கும். இருந்தாலும் அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

குறைதீர் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்த மாதம் எந்த மாதம் என்று விதி சொல்வதில்லை என்பது என் நெடுநாளைய கருத்து. மாணவி சான்றிதழை வாங்கிக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினாள். நினைவூட்டல் கடிதங்களை நான் அனுப்பினேன். அந்தப் பெண்மணி கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வாரிப் பார்த்தார், துணியும் ஊறியது. பிறகு ஒவ்வொரு மாதமும் கடைசி நாட்களில் வேலைக்குப் போகாமல், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு விரல் ஆறக் காத்திருந்தார். மேஸ்திரி எத்தனை நாள் பொறுப்பார்? ஆடியில் அவருடைய பாத்திகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். வேலை கிடைத்த பாத்தியில் கூலிக்கு உப்பு வாரப் போய், ரேஷன் இல்லாத மாதங்களில் கஞ்சியை இன்னும் நீர்க்கக் காய்ச்சிக் குடித்தார்.

ஐப்பசியில் மழை இறங்கியது. உப்பளம் முழுக்கத் தண்ணீர். எல்லாரும் வீட்டில். அந்தச் சமயம் பார்த்து ஒரு அலுவலர் விசாரணைக்குக் குடையோடு வந்திருக்கிறார். ரேஷன் கடைக்கு அந்தப் பெண்மணியை வரவழைத்து, விரலை வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"வெச்ச ஒடனே பச்சை எரிஞ்சிடுச்சு ஐயா" என்று வந்து சொன்னார் அவர். "எனக்கே வெக்கமாப் போச்சு. பொய் சொன்ன மாதிரி ஆயிட்டேன். மழைக் காலத்துல பதியுதுங்க, உப்புல எறங்குனா பதியாதுன்னேன். அதெல்லாம் எழுத இந்த பாரத்துல எடமில்லன்னுட்டாரு."

சில வாரங்களில் பதில் வந்தது. மனுதாரரின் கைரேகை நேரில் சரிபார்க்கப்பட்டதில் முறையாகப் பதிவாகிறது. எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது. மற்ற பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தன் விரலையே பார்த்தார்.

"வேல இல்லாதப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

மாணவிக்குப் போன் செய்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழக்கூடும் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. "மேல்முறையீடு போடலாம் சார். பங்குனி பொறந்ததும் எல்லா விரலையும் உப்பளத்துலயே வச்சுப் பாக்கச் சொல்லிக் கேப்போம். கெடு இன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும். கைக்கு வந்த தேதியக் கொஞ்சம் குறிச்சு வைங்க" என்றாள்.

பணிக்காலம் முழுவதும் வந்த தபால்களில் தேதியையும் சுருக்கொப்பத்தையும் தவிர ஒரு எழுத்தும் கூடுதலாக எழுதாதவன் நான். அன்று அந்தப் பதிலின் ஓரத்தில் எழுதினேன்: "பெறப்பட்ட நாள்: கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். அடைமழை. உப்பளத்தில் வேலை இல்லை."