தூறுக்குப் பால்சாமி சொன்ன பொருள்

திருப்புல்லாணிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் சீமைக்கருவை மண்டிக் கிடக்கும் இடத்துக்குத் தூறு என்று பெயர். அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லப் போய்த்தான் பால்சாமி தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார்.

பால்சாமி கரிமூட்டம் போடுகிறவர். கருவையை வெட்டிக் குவித்து, மேலே மண் பூசி, உள்ளே புகையவிட்டுக் கரியாக்குவார். தூறைக் குத்தகைக்கு எடுப்பது எப்போதும் அவரும் மனைவி மீனம்மாளும்தான். வெட்டிய கருவை மறுபடி வளர மூன்று வருசம் பிடிக்கும். அதுவரை கூலி வேலை, அரைவயிற்றுக் கஞ்சி. இந்தப் பங்குனியில் வெட்டு என்று இருவரும் காத்திருந்தார்கள்.

அடிமரம் என்று ஒன்று இல்லாமல், தூரிலேயே பல கிளை வெடித்து, ஆள் நுழைய முடியாதபடி அடைந்து நின்றால் அது தூறு. எங்கள் ஊரில் இது தெரியாதவர் இல்லை. பால்சாமிக்கு எல்லாரையும்விட நன்றாகவே தெரியும். ஆனால் பரமக்குடியில் யூடியூப் சேனல் வைத்திருக்கும் காளிதாஸ் வந்து, கேமராவை முகத்துக்கு நேரே நீட்டி, தூறு என்றால் என்ன என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

"அந்தக் காலத்துல ஒரு துறவி இங்கன வந்து உக்காந்தாரு. எந்திரிக்கவே இல்ல. அவரச் சுத்தி மொளச்சதுதான் இம்புட்டும். துறவி இருந்த எடம், தூறு. இப்பவும் உள்ளதான் இருக்காரு" என்றார் பால்சாமி.

அந்த நிமிடம் வரை அந்தத் துறவிக்கே விஷயம் தெரியாது.

"ஏன் அய்யா இத்தன நாளா இத வெளிய சொல்லல?" என்று காளிதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு கேட்டா?"

சீமையிலிருந்து நேற்று வந்த கருவை அந்தக் காலத்துத் துறவியைச் சுற்றி எப்படி முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. வீடியோ வெளிவந்ததும் ராமேசுவரம் போய்த் திரும்பும் வேன்கள் எங்கள் ஊருக்குள் திரும்பின. நிலத்தடி நீரையெல்லாம் உறிஞ்சுகிற சனியன் என்று நாங்கள் திட்டித் தீர்த்த கருவையில் மஞ்சள் துணி ஆடியது. ஊர்த்தலைவர் தங்கப்பாண்டி ஓர் உண்டியலை நட்டார். பால்சாமியும் நெற்றி நிறைய விபூதி பூசி, வருகிற வேன்களுக்கெல்லாம் கதை சொன்னார். துறவிக்குத் தாடி முளைத்தது, பிறகு ஒரு புலியும் சேர்ந்தது.

பங்குனி பிறந்தது. அரிவாளோடு போன பால்சாமியையும் மீனம்மாளையும் தங்கப்பாண்டி மறித்தார்.

"ஏலே பால்சாமி, அருவாளக் கீழ போடு. கோயில்காட்டுல குச்சி ஒடிக்கலாமா?"

எங்கள் பக்கத்தில் கோயில்காடு என்று ஆகிவிட்டால் பட்ட மரத்தைக்கூட யாரும் தொடமாட்டார்கள். பால்சாமி தங்கப்பாண்டியின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அது நான் சும்மா அடிச்சு விட்டதுண்ணே."

"நீ எங்க சொன்ன? சாமி உன் வாயில வந்து சொல்லுச்சு. அத இல்லேன்னு சொல்ல நீ யாரு?"

கூடியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். கெஞ்சினார், காலில் விழுந்தார், ஒரே பொய்யென்று தலையிலடித்துச் சத்தியம் செய்தார். அவர் வாழ்க்கையில் சொன்ன எதையும் ஊர் இவ்வளவு உறுதியாக நம்பாமல் இருந்ததில்லை.

மீனம்மாள் கணவர் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு நேரே தூறுக்குள் இறங்கினாள். இரண்டு கிளை சாய்ந்திருக்கும். செருப்பைத் துளைத்து முள் ஏறியது. காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"காட்டிட்டாரு பாத்தீகளா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பால்சாமி ஓடிவந்து, மனைவியின் பாதத்தை மடியில் வைத்து முள்ளைப் பிடுங்கினார். ரத்தம் வந்தது. வேனில் வந்த ஓர் அம்மாள் அந்த முள்ளைக் கேட்டு வாங்கி, கண்ணில் ஒற்றி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்.

மீனம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த முள்ளு என்னையக் குத்துது தாயி. ஒருத்தரும் வந்து கும்பிடலையே."